தண்ணீருக்குப் பட்டா இல்லை

சாலையைக் காகிதத்தில் வரைபவருக்கு மிக வசதியான நிலம் தண்ணீர்தான். அங்கே வீடு இல்லை, வயல் இல்லை, கோயில் இல்லை, பங்காளிச் சண்டையில் கிடக்கும் சொத்து இல்லை. நஷ்டஈடு போதவில்லை என்று எந்தப் பட்டாதாரரும் நீதிமன்றம் போகப்போவதில்லை. மண்ணைக் கொட்டினால் கரை. கரைமேல் ஜல்லியும் தாரும் போட்டால் சாலை. ஆகவே ஊருக்குள் போகிற பாதையைவிட ஏரிக்குள் போகிற பாதை எப்போதும் மலிவாகவே தெரியும். இந்த மலிவு எங்கிருந்து வருகிறது, அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பழவேற்காடு ஏரியை முன்வைத்து யோசித்துப் பார்க்கலாம்.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தூரம் ஏரியின் குறுக்கே ஓடுகிறது. விக்ரம் சாராபாய் காலத்தில், 1969இல், ராக்கெட் ஏவுதளத்துக்கு அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரிலும் மற்றவர்களிலும் பெரும்பாலானோர் வெளியேறினார்கள். தீவையும் கரையையும் இணைக்க ஏரிக்குள் மண் மேடு எழும்பியது. இன்று பனிக்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்கள் பலர் அந்தச் சாலை ஓரத்தில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். ஏரியை இரண்டாக வெட்டிய மேட்டின்மீது நின்றுதான் பெரும்பாலான வெளியூர்க்காரர்கள் ஏரியின் அழகை முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

சாலைக்கு அப்போது எதிர்ப்பு எழுந்திருந்தாலும் அதைக் கேட்பதற்கு ஒரு மேடை இல்லை. கடற்கரை ஒழுங்காற்று அறிவிப்பு 1991இல்தான் வந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது 1994இல். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 1997இல். ஏரியின் ஆந்திரப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1976இல், தமிழ்நாட்டுப் பகுதி 1980இல். சாலை முதலில் வந்தது; காப்பாற்ற வேண்டிய இடம் இது என்ற அறிவிப்பு பிறகு வந்தது.

சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல் முகத்துவாரங்கள் வழியாக உப்புநீர் தருகிறது. இவ்வளவு பரப்பு இருந்தும் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். ஆழமில்லாத நீர் தானாக நகராது. அதை நகர்த்துவது காற்றும் கடலின் ஏற்றவற்றமும். இரண்டுக்கும் தடையில்லாத பரப்பு வேண்டும். மண்மேட்டில் அங்கங்கே விட்ட பாலமும் மதகும் தண்ணீர் போகப் போதும் என்று பொறியாளர் கணக்கிடலாம். போகிற தண்ணீர் எந்த வேகத்தில், எந்த உப்புச் செறிவில், எந்தக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு போகிறது என்பது அந்தக் கணக்கில் வராது. சாலைக்கு வடக்கே உள்ள பகுதி கோடையில் பெருமளவு வற்றி உப்புப் பூத்த சேற்றுவெளியாகிவிடுகிறது. சாலை மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆறுகளில் வரத்துக் குறைந்ததும், ஆந்திரத்தின் இராயதொருவு முகத்துவாரம் மணல் மூடிக் கிடப்பதும் சேர்ந்தே இதைச் செய்திருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஏரியின் குறுக்கே ஒரு கரை கிடப்பது அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போடுகிறது. வடக்கே மீன் குறைய, அங்குள்ளவர்கள் தெற்கே வருகிறார்கள். இரண்டு மாநில மீனவர்களுக்கும் ஏரி நடுவே மூளும் சண்டைகளைச் செய்தித்தாள் எல்லைத் தகராறு என்று எழுதுகிறது. நடுவில் மாநில எல்லைக்கோடு மட்டுமா இருக்கிறது?

இப்போது தெற்கே வருவோம். வரைபவரின் கண்ணுக்கு ஆளில்லாத வெளியாகத் தெரிகிற இந்தத் தண்ணீரில் இறாலுக்குச் சுத்து வலை கட்ட வேண்டுமென்றால் நினைத்த இடத்தில், நினைத்த நாளில் கட்டிவிட முடியாது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, உப்பும் நன்னீரும் கலந்த ஆழமில்லாத நீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் வற்றத்தோடு கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில்தான் வலை. அதற்கு ஏற்ற நீரோட்டமுள்ள இடங்கள் சிலவே. அந்த இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் போன்ற பாரம்பரிய உரிமையுள்ள ஊர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். இன்ன நாள் இன்ன ஊருக்கு. ஊருக்குள் தலைக்கட்டுகளுக்குச் சீட்டு. இன்று நல்ல இடம் விழுந்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் விழலாம். ஒருவரும் ஒரு இடத்தைத் தனதென்று வைத்துக்கொள்ள முடியாது. ஒருவரையும் முறையிலிருந்து காரணமில்லாமல் தள்ளவும் முடியாது. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கும்.

பதிவுத் துறை அலுவலகத்தில் இதற்கு ஆவணம் தேடினால் கிடைக்காது. நிலத்துக்குரிய சொத்துரிமை இடத்தைப் பிடித்துவைக்கிறது. பாடு நேரத்தைப் பிரித்துக்கொடுக்கிறது. சர்வே கல் நட முடியாத இடத்தில் மனிதர்கள் கண்டுபிடித்த சர்வே இது. ஏரியில் உரிமையில்லாத அங்குலம் இருக்கலாம். உரிமையில்லாத நாள் இல்லை. ஆனால் அரசின் பதிவேட்டில் நாள்களுக்கு என்று ஒரு பத்தி கிடையாது. அதனால் அங்கே ஏரி யாருக்கும் சொந்தமில்லாததாக, ஆகவே அரசுக்குச் சொந்தமானதாக, ஆகவே கேட்பவருக்குக் கொடுக்கத் தக்கதாக ஆகிவிடுகிறது.

இந்தக் கோளாறு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஓவர்டன் பூங்கா என்றொரு பழைய காட்டுப் பூங்கா இருக்கிறது. 40ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை அதற்குள்ளே கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புவாசிகள் குழுவாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்து, அமைச்சரின் முடிவை மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்பியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல் சொன்ன காரணம் பழவேற்காட்டுக்கும் பொருந்தும். பூங்கா ஏற்கெனவே அரசின் கையில் இருப்பது. அதை எடுத்தால் வீடுகளை இடிக்க வேண்டாம், யாரையும் அப்புறப்படுத்த வேண்டாம். எனவே செலவையும் வசதியையும் மட்டும் தராசில் வைத்தால் ஒவ்வொரு முறையும் பூங்காதான் தோற்கும். அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தானே பூங்காவைக் காக்கத் தனிச் சட்டம் போட்டார்கள்? வேறு வழியே இல்லை என்று காட்டும் பொறுப்பு சாலை போடுபவர்களுடையது. கடைசியில் அந்த நெடுஞ்சாலை பூங்காவுக்குள் போகவேயில்லை; வடக்கே சுற்றிக்கொண்டு போயிற்று.

மெம்பிஸ்காரர்கள் பூங்காவுக்குப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். பழவேற்காட்டுக்காரர்கள் ஏரியால் வாழ்கிறார்கள். நீதிமன்றம் பூங்காவுக்குச் சொன்னது ஏரிக்கு இன்னும் அழுத்தமாகவே பொருந்த வேண்டும். நடப்பது வேறு.

காட்டுப்பள்ளி கடலுக்கும் கழிவெளிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டில் இருக்கிறது. லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் அங்கே கட்டிய துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. அதன்பின் முன்வைக்கப்பட்ட விரிவாக்கத் திட்டத்தின் அளவு இது: துறைமுகத்தின் பரப்பு 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல், கையாளும் சரக்கு ஆண்டுக்கு சுமார் 2.5 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்; மதிப்பீடு 53,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. இங்கேயும் அதே கணக்குத்தான்: கடலுக்குப் பட்டா இல்லை.

இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே அலைதடுப்புச் சுவர் நின்றால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இதைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை. சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றதையும், வடக்கே இராயபுரம் தொடங்கி கரை கரைந்ததையும் ஒரு நூற்றாண்டாகப் பார்க்கிறோம். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது மீனவக் குப்பங்களும், அவற்றுக்குப் பின்னால் ஏரியும். நடுவில் உள்ள மணல்திட்டு அறுந்தால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும். இறால் வளர்வதற்கான அந்த அரை உப்புநீர் இருக்காது. பாட்டில் முறை இருக்கும், வலையில் இறால் இருக்காது.

துறைமுகம் தனியாகவும் வருவதில்லை. 32 கோடி டன் சரக்கை லாரிக்கு 20 டன் என்று ஏற்றினால் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி நடைக்கு மேல். எல்லாம் லாரியில் போகாது. பாதியை ரயிலும் குழாயும் கொண்டுபோகும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாளுக்கு இருபதாயிரம் நடைக்கு மேல் ஒரு மணல்திட்டிலிருந்து புறப்பட்டாக வேண்டும். எண்ணூர்த் துறைமுகப் பகுதியில் தொடங்கி மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் முடியும் சென்னை எல்லைச் சாலை ஏறக்குறைய 133 கிலோமீட்டர். அதன் வடமுனை ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. துறைமுகம் சாலையைக் கேட்கிறது; சாலை வந்தபின் கிடங்குகள் வருகின்றன; கிடங்குகள் வந்தபின் இன்னும் அகலமான சாலை வேண்டியிருக்கிறது. முதல் கோப்பில் இதில் ஒன்று மட்டும்தான் இருக்கும். மற்றவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பாக, தனித்தனி அனுமதியாக, சிறிய சிறிய சேதமாக வரும். மொத்தத்தையும் ஒரே மேஜையில் விரித்துவைத்து இது சம்மதமா என்று எந்த ஊரையும் யாரும் கேட்டதில்லை.

வரைபடத்தைப் பற்றி இன்னொன்று. 1996இல் ஏற்கப்பட்ட கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிவெளி 6,469 ஏக்கர் என்று குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அரசு காட்டிய வரைபடத்தில் அந்தக் கழியே காணவில்லை. தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது, வலை போடும் ஆட்கள் இருந்தார்கள். காகிதத்தில் மட்டும் இல்லை. சூழலியல் செயற்பாட்டாளர்களும் மீனவர்களும் 2017 வாக்கில் இதை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுதான் கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாடலை டி.எம். கிருஷ்ணா எண்ணூர்ச் சாம்பல்மேட்டின் பின்னணியில் பாடினார். ஏரிக்குள் சாலை போவதற்கு முன்னால் ஏரி வரைபடத்திலிருந்து போக வேண்டும். எதிர்ப்பின் முதல் வேலையும் அதனால் மறியலோ உண்ணாவிரதமோ அல்ல. இங்கே தண்ணீர் இருக்கிறது என்று நிரூபிப்பது!

இந்த ஊர்களின் எதிர்ப்பை இயற்கைமீது கொண்ட காதலாக மட்டும் எழுதிவிடுவது நம்முடைய சௌகரியம். அவர்கள் தாருக்கும் கல்லுக்கும் எதிரிகள் அல்லர். பழவேற்காட்டையும் காட்டுப்பள்ளியையும் இணைக்கும் கடலோரச் சாலையைப் புயல்நாள்களில் கடல் தாண்டி வந்து மணலால் மூடிவிடுகிறது. அதைச் சரிசெய்து கொடு என்று கேட்பவர்கள் இவர்களேதான். பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டும், ஐஸ் வண்டி வர வேண்டும், பிள்ளைகள் பொன்னேரிக்குப் படிக்கப் போக வேண்டும். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடும்போது தூர்வாரு, அடைபடாமல் இருக்கக் கல்சுவர் கட்டு என்று ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்ததும் இவர்கள்தான். ஏரியைத் தொடாமல் வைத்திருங்கள் என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. ஏரியில் தண்ணீர் ஓட வழி செய்யுங்கள் என்கிறார்கள். ஏரிக்கரை வரைக்கும் வருகிற சாலைக்கும் ஏரியைக் குறுக்கே கடக்கிற சாலைக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. முன்னது ஊருக்கு வருகிறது. பின்னதற்கு ஊர் என்பது வழியில் கிடக்கும் ஒன்று.

துறைமுகமும் அவர்களுக்குப் புதிதல்ல. பழவேற்காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் பெரிய துறை. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, தங்கள் சோழமண்டல வணிகத்தின் தலைமையிடமாக 1690 வரை வைத்திருந்தார்கள். இங்கிருந்து துணி போயிற்று. அடிமைகளாக மனிதர்களும் போனார்கள். அந்த வணிகத்தில் போற்றுவதற்குக் கொஞ்சமே இருக்கிறது. ஆனால் அன்றைய துறைமுகம் கரையின் உருவத்தை மாற்றும் பலமில்லாதது. கப்பல் ஆழத்தில் நின்றது, படகுகள் சரக்கை ஏற்றி இறக்கின. வணிகம் இடம் மாறியபோது கோட்டை இடிந்தது, கல்லறைத் தோட்டம் மிஞ்சியது, ஏரி அப்படியே இருந்தது. இன்றைய துறைமுகம் தோற்றுப்போனாலும் கரை பழையபடி திரும்பாது.

பாட்டு முறையைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். அதில் பெண்களுக்குத் தலைக்கட்டு உரிமை இல்லை. கழுத்தளவு நீரில் உட்கார்ந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர் பெண்ணின் பெயர் எந்தச் சீட்டிலும் வராது. பாரம்பரிய உரிமை இல்லாத ஊர்களும் பிற சாதியினரும் முறை கேட்டுச் சண்டை நடந்திருக்கிறது. நியாயம் எப்போதும் பழைய உரிமைக்காரர் பக்கமே இருந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் இந்த அநீதியைக் காட்டி, ஆகவே ஏரியைத் துறைமுகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று வாதாடுபவர்களும் உண்டு. ஏரி போனால் முதலில் போவது படகும் இயந்திரமும் இல்லாத அந்தப் பெண்ணின் பிழைப்புத்தான். பாட்டில் சேராதவர்கள் கேட்பது முறையில் பங்கு; அதை வாங்குவதற்கு முதலில் ஏரி இருக்க வேண்டும்.

வேலை கிடைக்குமே என்ற வாதத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. முன்பு கப்பல் கட்டும் தளத்துக்காகவும் துறைமுகத்துக்காகவும் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் கரையைவிட்டு நகர்ந்தார்கள். வேலை தருவதாகச் சொல்லப்பட்டது. பிறகு அந்த வேலையை நிரந்தரமாக்கக் கோரி அவர்களே போராட வேண்டியிருந்தது. கடலில் சொந்தப் படகோடு இருந்தவர் வாசலில் அடையாள அட்டையோடு நிற்பதை முன்னேற்றம் என்று சொல்பவர், அந்த வரிசையில் தானும் நின்று பார்த்தவராக இருக்க வேண்டும்.

பாடு பழவேற்காட்டோடு முடிந்துவிடவில்லை. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறால் வலை கட்டும் இடங்களை மீனவச் சங்கங்கள் சீட்டுப் போட்டே பகிர்ந்துகொள்கின்றன. அங்கேயும் ஒரு நெடுஞ்சாலை வந்தது. கொழும்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் அதிவேகப் பாதை முத்துராஜவெல சதுப்புநிலத்தையும் களப்பின் ஓரத்தையும் ஒட்டி அமைந்து 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு களப்பில் கடல்விமானம் இறக்கும் திட்டம் வந்தபோது நீர்கொழும்பு மீனவர்கள் தெருவில் இறங்கினார்கள். மொழியும் மதமும் நாடும் வேறு. ஆழமில்லாத நீரை முறை வைத்துப் பகிர்ந்துகொண்ட மக்கள், அதே நீரை வெற்றிடம் என்று கண்ட திட்டம். இந்த இரண்டும் அப்படியே ஒன்று.

காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22இல் நடப்பதாக இருந்து தள்ளிப்போயிற்று. 2021 தேர்தலில் திட்டத்தை நிறுத்துவது வாக்குறுதிப் பொருளாயிற்று; இன்றைய எதிர்க்கட்சி நாளைய ஆட்சி என்பதால் திட்டம் நின்றுவிடும் என்று குப்பங்கள் நம்பின. 2023 செப்டம்பர் 5க்குக் கூட்டம் மறுபடி அறிவிக்கப்பட்டு மறுபடி தள்ளிப்போயிற்று. தள்ளிவைப்பதை வெற்றி என்று கொண்டாடலாம்தான். ஆனால் ரத்து செய்யப்படாத திட்டம் மீனவரை ஒவ்வொரு ஆண்டும் வலையை விட்டுவிட்டு மனு எழுத வைக்கிறது. நிறுவனத்துக்குக் காத்திருப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மீனவருக்குக் காத்திருக்கும் நாள் கூலியில்லாத நாள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தின் ஏற்பாட்டிலேயே ஒரு தலைகீழ் இருக்கிறது. திட்டம் வைத்திருப்பவர் படம் போட்டு விளக்கிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். ஏரியில் இருப்பவர் எழுந்து நின்று, தனக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தில், ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்ல வேண்டும். மார்ஷலின் தீர்ப்பு பொறுப்பை யார் தோளில் வைத்ததோ, நம் கூட்டம் அதற்கு எதிர்த் தோளில் வைக்கிறது.

பாட்டின் கணக்கு இந்த விஷயத்தில் தெளிவானது. ஒருமுறை நல்ல இடத்தில் வலை கட்டியவர் அடுத்த முறை ஒதுங்கிநின்று மற்றவருக்கு வழிவிட வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால், 1969இல் ஏவுதளத்துக்குத் தீவு போயிற்று. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் காட்டுப்பள்ளித் துறைமுகம். நாட்டுக்காக, மின்சாரத்துக்காக, வணிகத்துக்காக என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய பெயர் இருந்தது. அவற்றில் சில நியாயமான பெயர்களும்கூட. ஆனால் நான்கு முறையும் வலை கட்டியது ஒரே தரப்பு. ஐந்தாவது முறையும் தங்களுடையதுதான் என்று வருபவர்கள்தான் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். முறை வந்தும் கிடைக்காமல் நிற்பவர்களிடம் ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்பதற்கு எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் இடமில்லை.